வீட்டில் கற்கும் குழந்தையும் தமிழ் எழுத்துப்பிழையும்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோருக்குக் கணக்கும் அறிவியலும் ஆங்கிலமும் பெரிய தொல்லை தருவதில்லை. புத்தகமும் காணொளியும் பயிற்சித்தாளும் வேண்டிய மட்டும் கிடைக்கின்றன. தமிழ் எழுதக் கற்பிக்கும் இடத்தில்தான் பலருக்குக் கை நின்றுவிடுகிறது. கதைப் புத்தகத்தைத் தடையில்லாமல் படிக்கும் குழந்தை, பென்சிலை எடுத்ததும் மழையை 'மளை' என்றும் பூனையைப் 'பூணை' என்றும் எழுதுகிறது. அப்போது பெற்றோர் இரண்டில் ஒரு வழியில் போகிறார்கள். ஒரு சாரார் தாங்கள் பள்ளியில் பட்டதையே வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள்: சொல்வதெழுதுதல், சிவப்பு மை, பிழையான சொல்லுக்குப் பத்து முறை இம்போசிஷன். இன்னொரு சாரார், படிக்கப் படிக்கத் தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். எதிரெதிராகத் தெரியும் இந்த இரு வழிகளுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம். பிழை என்றால் சொல் நினைவில் நிற்கவில்லை என்று பொருள். அதை அடித்துப் பதியவைக்கலாம், அல்லது தானாகப் பதியும்வரை காத்திருக்கலாம். தமிழுக்கு இந்த எண்ணம் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். தமிழ்க் குழந்தையின் எழுத்துப்பிழைகள் வெவ்வேறு இடங்களில் பிறக்கின்றன; அவற்றில் பெரும்பகுதிக்குக் காரணம் சொல்ல முடியும்; காரணம் தெரிந்த பிழைக்கு மனப்பாடம் தேவையில்லை. ஒரே ஒரு குழந்தையை எதிரில் வைத்துக் கற்பிக்கும் வீடு, இந்தக் காரணங்களைப் பிரித்தறிய வகுப்பறையைவிட வசதியான இடம்.

ஆறேழு வயதுக் குழந்தை எழுதக்கூடிய மூன்று வரிகளை எடுத்துக்கொள்வோம்: 'நேத்து மளை பெஞ்சது. பூணை கட்டிலுக்கு அடியிள ஒளிஞ்சிக்கிச்சி. அது கன்னை மூடி தூங்குச்சி.' சிவப்பு மையோடு உட்காருபவர் இதில் ஒன்பது இடங்களில் சுழிப்பார். ஆனால் நேத்து, பெஞ்சது, ஒளிஞ்சிக்கிச்சி, தூங்குச்சி ஆகிய நான்கும் எழுத்துப்பிழையே அல்ல. காதில் விழுந்த பேச்சுத் தமிழைக் குழந்தை எழுத்துக்கு எழுத்து சரியாகப் பதிவுசெய்திருக்கிறது. அதற்கு இன்னும் தெரியாதது எழுத்துவழக்கு. 'மளை', வீட்டில் ழகரம் ளகரமாக ஒலிப்பதால் வந்தது. 'பூணை', 'கன்னை' இரண்டும் இரண்டு சுழியா மூன்று சுழியா என்ற குழப்பம். 'அடியிள' வேறு இனம். 'இல்' என்னும் உருபு எங்கே வந்தாலும் லகரம்தான் என்ற ஒரே செய்தி போய்ச் சேர்ந்தால் வீட்டில், கடையில், மரத்தில், கையில் என்று சொல் சொல்லாகச் சரியாகிக்கொண்டே வரும். 'மூடித் தூங்கியது' என்பதில் விட்டுப்போன தகர ஒற்று சந்தி இலக்கணத்தின் பாற்பட்டது. அந்த வயதுக்கு அது எட்டாத கொம்பு. சரியாக எழுதியவற்றையும் பார்க்க வேண்டும். 'பெஞ்சது' என்பதில் சகரத்துக்கு முன் ஞ், 'தூங்குச்சி' என்பதில் ககரத்துக்கு முன் ங் போட்டிருக்கிறது. இனவெழுத்துச் சேர்க்கை குழந்தைக்குப் பிடிபட்டுவிட்டது என்பதற்கு அவை சான்று. ஒன்பது பிழை என்று எண்ணி மதிப்பெண் போடுபவர் கண்ணுக்கு இவற்றில் எதுவும் படாது.

குழந்தையின் பிழையில் ஒழுங்கு இருக்கிறது என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ரீட், பள்ளிக்குப் போகுமுன்பே தாமாக ஆங்கிலம் எழுதத் தொடங்கிய குழந்தைகளின் எழுத்தை ஆராய்ந்து 1971இல் வெளியிட்ட கட்டுரை இதை நிறுவியது. 'டிரெயின்' என்ற சொல்லின் முதலொலிக்குச் சகர ஒலி தரும் எழுத்துகளைச் சில குழந்தைகள் போட்டிருந்தார்கள். ஆங்கிலம் பேசுவோர் வாயில் அந்த இடத்தில் உண்மையிலேயே சகரச் சாயல் உண்டு. வளர்ந்தவர்கள் எழுத்தைப் பார்த்துப் பழகியதால் அதைக் கேட்பதில்லை. கண்ட எழுத்தைப் போடாமல் கேட்ட ஒலியைப் பகுத்துப் பார்த்தே குழந்தைகள் பிழைசெய்கிறார்கள் என்பது அதிலிருந்து தெளிவானது. ஆங்கிலத்துக்கே இது பொருந்துமானால், ஒலிக்கும் எழுத்துக்கும் இன்னும் நெருங்கிய உறவுள்ள தமிழுக்கு நிச்சயம் பொருந்தும்.

முதல் வகைப் பிழை வரிவடிவத்தைச் சேர்ந்தது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 என்ற எண்ணிக்கை பயமுறுத்தினாலும், துணைக்காலும் கொம்பும் ஒரே மாதிரி சேர்வதால் குழந்தை 247 வடிவங்களைத் தனித்தனியே கற்க வேண்டியதில்லை. பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றபின் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவையும் பொது ஒழுங்குக்கு வந்தன. உகர, ஊகர வரிசைகள் அந்தச் சீர்திருத்தத்தில் சேரவில்லை. கு, டு, து, பு, மு, ரு என்று அவை இன்றும் ஒவ்வொன்றும் ஒரு விதமாக வளைகின்றன. இவற்றை எழுதி எழுதித்தான் பழக வேண்டும். ஒற்றைக்கொம்பில் இன்னொரு சிக்கல் உண்டு. 'கெ' என்று ஒலிக்கும்போது மெய் முதலில் வருகிறது, எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது. 'கொ' என்பதில் உயிர்க்குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. ஒலியின் வரிசைப்படி எழுதும் குழந்தை ககரத்தைப் போட்டுவிட்டுக் கொம்புக்கு இடம் தேடுவது இயல்பு. கன்னடக் குழந்தைகளிடம் சோனாலி நாக் நடத்தி 2007இல் வெளியான ஆய்வு, உயிர்மெய் எழுத்துகளை முழுவதும் கைக்கொள்வது தொடக்கப்பள்ளிக் காலத்தின் பல ஆண்டுகளுக்கு நீள்கிறது என்று காட்டியது. தமிழ் நெடுங்கணக்கு கன்னடத்தைவிடச் சிறியது என்றாலும் அமைப்பு ஒன்றுதான். ஏழு வயதில் கொம்பு இடம் மாறினால் அதைக் கவனக்குறைவு என்று கண்டிப்பதற்கு நியாயம் இல்லை.

இரண்டாம் வகைதான் தமிழுக்கே உரிய தலைவலி: மயங்கொலிகள். ஐரோப்பிய மொழிகள் பதின்மூன்றை ஒப்பிட்டு ஃபிலிப் சீமோர் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வகுப்பு முடிவில் ஃபின்லாந்துக் குழந்தைகள் ஏறத்தாழ எல்லாச் சொற்களையும் சரியாகப் படித்தார்கள். ஆங்கிலம் கற்ற ஸ்காட்லாந்துக் குழந்தைகள் மூன்றில் ஒரு பங்கு அளவே படித்தார்கள். எழுத்தும் ஒலியும் ஒத்துப்போனால் கற்றல் விரையும் என்பது அதன் சாரம். தமிழ், படிக்கும்போது ஃபின்லாந்து மொழியின் பக்கம் நிற்கிறது. எழுதும்போது சற்று விலகிவிடுகிறது. கல், மகன், தங்கம் என்ற மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலித்தாலும் எழுத்து ஒன்றே என்பதால் எழுதுபவருக்குச் சங்கடம் இல்லை. ல, ள, ழ, ர, ற, ந, ன, ண ஆகிய எட்டும் இதற்கு நேர்மாறு; எழுத்து பல, அன்றாடப் பேச்சில் ஒலி சில. எழுத்துமுறை பழகிய குழந்தையின் சொற்பிழைகளில் பெரும்பகுதி இந்த எட்டு எழுத்துகளுக்குள் அடங்கிவிடும். களம் இவ்வளவு குறுகியது என்பதைப் பெற்றோர் உணர்ந்தாலே பாதிக் கவலை தீரும்.

இந்த எட்டும்கூடக் கண்ட இடத்தில் வருவதில்லை. எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும், எது எதனோடு சேரும் என்பதைத் தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரமும் பின்னர் நன்னூலும் வரையறுத்திருக்கின்றன. ண, ன, ள, ழ, ற ஐந்தும் சொல்லுக்கு முதலில் வரா. ஆகவே சொல்லின் தொடக்கத்தில் எப்போதும் நகரம்தான். டகரத்துக்கு முன் ண் வரும்: வண்டி, நண்டு. றகரத்துக்கு முன் ன் வரும்: கன்று, நன்றி. தகரத்துக்கு முன் ந் வரும்: பந்து, சந்தை. டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்று பழைய ஆசிரியர்கள் வைத்த பெயர்களிலேயே இந்த விதி இருக்கிறது. ரகரமும் ழகரமும் இரட்டிக்கா. இரட்டித்து ஒலித்தால் அங்கே வேறு எழுத்து. இன்டர்நெட் போன்ற கடன்சொற்களும், வெந்நீர், அநீதி போன்ற சேர்க்கைச் சொற்களும் விலக்கு. அவற்றைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். சிறு குழந்தைக்கு இவ்வளவு இலக்கணமா என்று கேட்கலாம். விதியைத் தெரிந்து வைத்திருக்க வேண்டியவர் பெற்றோர். குழந்தைக்குத் தர வேண்டியவை சொல் எழுதிய அட்டைகள். நண்டு, கன்று, பந்து, வண்டி, தென்றல், சந்தை என்று இருபது அட்டைகளைக் கொடுத்து மூன்று குவியலாகப் பிரிக்கச் சொன்னால், டகரத்தின் பக்கத்தில் எப்போதும் மூன்று சுழிதான் இருக்கிறது என்று குழந்தையே சொல்லிவிடும். தானே கண்டுபிடித்ததை அது எளிதில் மறக்காது.

சொல்லின் ஈறுகள் அடுத்த பெரிய உதவி. தமிழ்ச் சொல் அடியோடு விகுதியும் உருபும் ஒட்டி நீளும். ஒட்டுபவை சிலவே, அவை திரும்பத் திரும்ப வருபவை. பன்மையின் 'கள்' என்றும் ளகரம். அவள், வந்தாள் என்ற பெண்பால் ஈறும் ளகரம். இல், ஆல் என்ற உருபுகளும், வந்தால், சொன்னால் என்ற நிபந்தனை வடிவங்களும் லகரம். நான், அவன், வந்தான் ஆகியவற்றின் ஈறு றன்னகரம். அவர், வந்தார் என்பவற்றில் இடையின ரகரம். வருகிறாள், படிக்கிறோம் என்ற நிகழ்காலத்தில் வல்லின றகரம். 'அவள் வந்தாள்', 'அவள் வந்தால் சொல்' என்ற இரண்டு வாக்கியங்களை அடுத்தடுத்து எழுதிக் காட்டினால், எழுத்து மாறும்போது பொருள் மாறுவதை ஆறு வயதுக் குழந்தையும் புரிந்துகொள்ளும். ஒரு பக்க உரைநடையை எடுத்து இந்த ஈறுகளை மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். மயங்கொலி எழுத்துகளில் எத்தனை அங்கேயே முடிந்துவிடுகின்றன என்பது புலப்படும். இவ்வளவு பயனுள்ள இந்தப் பாடம், சொற்பட்டியலை மனப்பாடம் செய்யவைக்கும் முறையில் இடம் பெறுவதே இல்லை.

மூன்றாம் வகை, பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளி. இங்கே குழந்தையின் பேச்சைத் தவறு என்று சொல்வதுதான் உண்மையான தவறு. பேச்சுத் தமிழ் எழுத்துத் தமிழிலிருந்து ஒழுங்காக விலகுகிறது. படிச்சான், அடிச்சான், சிரிச்சான் என்பவை படித்தான், அடித்தான், சிரித்தான் ஆகின்றன. ஒளிஞ்சான், அடைஞ்சான் என்பவை ஒளிந்தான், அடைந்தான் ஆகின்றன. இகர ஐகாரங்களுக்குப் பின் வரும் 'ச்ச' எழுத்தில் பெரும்பாலும் 'த்த' ஆகும், 'ஞ்ச' எழுத்தில் 'ந்த' ஆகும் என்ற பாலத்தை ஒரு வாரம் விளையாட்டாகப் பழக்கினால் பத்துப் பதினைந்து வினைகள் ஒன்றாகக் கரையேறிவிடும். காத்து, நேத்து என்பவை காற்று, நேற்று ஆவதும் இப்படித்தான். ஆனால் பத்து பத்தாகவே நிற்கும், பாத்தான் பார்த்தான் ஆகும் என்பதால் இந்த இடத்தில் ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பழக வேண்டும். குழந்தை முதலில் பேசுவதுபோல எழுதட்டும். பிறகு அதே வரியைப் புத்தகத் தமிழில் சொல்லிப் பார்த்து எழுதட்டும். இரண்டும் தமிழே, ஒவ்வொன்றுக்கும் இடம் வேறு என்ற அறிவு, எழுத்துப்பிழை நீங்குவதைவிடப் பெரிய ஆதாயம்.

இவ்வளவையும் கழித்தபின் காரணம் சொல்ல முடியாத ஒரு மிச்சம் நிற்கிறது. பூனைக்கு ஏன் இரண்டு சுழி, வீணைக்கு ஏன் மூன்று சுழி என்றால் குழந்தைக்குச் சொல்லப் பதில் இல்லை. மனப்பாடத்துக்கு உரிய இடம் இதுதான். மனப்பாடத்திலும் முறை உண்டு. இடைவெளி விட்டுப் படித்தது நீடிக்கும் என்று ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இலேயே காட்டினார். திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது ஒரு வாரம் கழித்தும் கைகொடுக்கிறது என்று ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் காட்டினார்கள். ஒரே சொல்லைப் பார்த்துப் பார்த்துப் பத்து முறை எழுதும் இம்போசிஷன் இந்த இரண்டுக்கும் எதிரானது. மூன்றாவது வரிக்குப் பிறகு கை மட்டுமே எழுதுகிறது. சொல்லைப் பார்த்து, மூடி, எழுதி, திறந்து சரிபார்ப்பது, அதையே இரண்டு நாள் கழித்தும் அடுத்த வாரமும் செய்வது இதைவிடக் குறைந்த உழைப்பில் கூடுதல் பலன் தரும். சொற்களைக் குடும்பமாகத் தருவது இன்னும் நல்லது: வாழ், வாழ்வு, வாழ்த்து, வாழ்க்கை என்ற நான்குக்கும் ஒரே ழகரம் போதும். மனம்–மணம், பனி–பணி, கரை–கறை என்று இணைகளாகக் கற்பிப்பது புத்தகங்களில் வழக்கம். இரண்டில் ஒன்று நன்றாகப் படிந்த பிறகே மற்றதைக் காட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், இல்லாத குழப்பத்தை நாமே உண்டாக்கியவர்களாவோம்.

ஒற்று மிகுவதும் மிகாததும் கடைசியில் வர வேண்டியவை. வளர்ந்த எழுத்தாளர்களையே தடுமாறவைக்கும் இதை ஏழு வயதில் கேட்பது கொடுமை. 'வீட்டுக்குப் போ', 'பாலைக் குடி', 'அந்தப் பையன்' போன்றவற்றில் ஒற்று காதிலேயே விழும். எட்டு வயதுக்கு மேல் கேட்டு எழுதும் பயிற்சியாக அவற்றைத் தொடங்கலாம். 'வேலை கொடு', 'வேலைக் கொடு' என்ற இரண்டின் வேறுபாடு புரியும் வயதில் மற்ற விதிகளுக்கு வரலாம்.

இனி எதிர்வாதங்களைப் பார்ப்போம். பத்து முறை எழுதித்தான் நாங்கள் எல்லாரும் கற்றோம் என்பது முதலாவது. அப்படிக் கற்றவர்களில் எத்தனை பேர் இன்றும் ஒரு கடிதம் எழுத அஞ்சுகிறார்கள் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஜோசப் மேயர் ரைஸ் அமெரிக்கப் பள்ளிகளில் ஆயிரக்கணக்கான மாணவர்களைச் சோதித்து 1897இல் எழுதியபோது, எழுத்துக்கூட்டலுக்குச் செலவிட்ட நேரம் கூடுவதால் தேர்ச்சி கூடவில்லை என்று கண்டார். நாளுக்குக் கால்மணி நேரம் போதும் என்றார். அப்படியானால் கற்பிக்கவே வேண்டாமே, படிக்கவிட்டால் போதுமே என்பது இரண்டாவது வாதம். ஸ்டீவ் கிரகாமும் டான்யா சாண்டாஞ்செலோவும் 53 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியிட்ட மதிப்பீடு இதற்கு விடை சொல்கிறது: முறையாகக் கற்பிக்கப்பட்ட மாணவர்கள் அப்படிக் கற்பிக்கப்படாதவர்களைவிடத் தெளிவாக முன்னின்றார்கள். இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. கற்பிக்க வேண்டும், சுருக்கமாக, நோக்கத்தோடு கற்பிக்க வேண்டும். இந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தைச் சார்ந்தவை என்பது உண்மை. ஆயினும் விதிக்குள் அடங்கும் பகுதி தமிழில் கூடுதல் என்பதால், முறையான கற்பித்தலுக்குப் பலன் இங்கே குறைய வழியில்லை.

மூன்றாவது வாதம் வலுவானது. வீட்டுவழிக் கல்வியின் முன்னோடிகளில் ஒருவரான சார்லட் மேசன், 1886இல் வெளிவந்த தம் நூலில், பிழையான வடிவம் குழந்தையின் கண்ணில் தங்கிவிடும், அதை உடனே தாள் ஒட்டி மறைத்துவிட வேண்டும் என்றார். பிழையோடு எழுதவிடலாம் என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? மேசனின் அச்சத்தில் உண்மை உண்டு. பிழையான வடிவங்களைப் படித்தவர்கள் பின்னர் அதே சொற்களில் கூடுதலாகத் தடுமாறுகிறார்கள் என்று ஜாக்கபியும் ஹாலிங்ஸ்ஹெட்டும் 1990இல் கல்லூரி மாணவர்களிடம் கண்டார்கள். ஆனால் அதற்காகக் குழந்தையைச் சரியாகத் தெரிந்த சொற்களை மட்டுமே எழுதச் செய்தால் அதன் எழுத்து வற்றிவிடும். சொல்ல வந்ததை எழுதட்டும். தாளைப் பெற்றோர் வைத்துக்கொள்ளட்டும். மறுநாள் இரண்டே சொற்களைத் தேர்ந்து அவற்றின் சரியான வடிவத்தை மட்டும் காட்டட்டும். சரியானதையும் தவறானதையும் அருகருகே அச்சிட்டுத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பயிற்சிகளைச் சிறு வயதில் தவிர்ப்பது நல்லது. மேசனின் எச்சரிக்கை முழுதும் பொருந்துவது அந்த இடத்தில்தான்.

உச்சரிப்பைத் திருத்தினால் எழுத்து தானாகத் திருந்தும் என்பார்கள். ழகரத்துக்கு இது ஓரளவு உதவும்; வீட்டில் யாருக்காவது ழகரம் நன்றாக வந்தால் குழந்தைக்கும் பழக்கலாம். ஆனால் றகரத்தைப் பிரித்து ஒலிக்கும் வழக்கு குமரி மாவட்டம் போன்ற சில இடங்களிலேயே இன்று காதில் விழுகிறது; நகரத்தையும் னகரத்தையும் பெரும்பாலோர் பிரித்து ஒலிப்பதில்லை. அப்படி இருந்தும் இலட்சக்கணக்கானோர் பிழையின்றி எழுதுகிறார்கள். காது விட்டதைக் கண்ணும் இலக்கண அறிவும் ஈடுசெய்கின்றன என்பதே பொருள். கணினி திருத்திவிடுமே என்பது கடைசி வாதம். வாணி என்ற சொற்பிழை திருத்தியும் நாவி என்ற சந்திப்பிழை திருத்தியும் தமிழுக்கு வாய்த்த நல்ல கருவிகள். எனினும் 'பூ மனம் வீசியது' என்பதில் மனம் என்பது அகராதியில் உள்ள சொல். சொல்லைத் தனியே பார்க்கும் கருவிக்கு அது பிழையாகத் தெரியாது. கருவி காட்டும் திருத்தத்தை ஏற்பதா விடுவதா என்று முடிவுசெய்ய, எழுதுபவருக்கே எழுத்தறிவு வேண்டும்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. ஓராண்டு இப்படிக் கற்பித்தும், படிப்பதிலும் எழுதுவதிலும் சேர்ந்தே குழந்தை பின்தங்கினால், சோம்பல் என்று முடிவுகட்டாமல் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் போன்ற அமைப்புகள் இதற்கு உதவுகின்றன. மற்றப்படி அவசரத்துக்குக் காரணமே இல்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் அடிப்படைக் கல்வித் திட்டம்கூட 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு இணையான மூன்று நிலைகளைத்தான் வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் தேர்வு வந்து கழுத்தை நெரிப்பதில்லை. ஐந்து, ஆறு வயதில் வரிவடிவம்; ஏழில் இனவெழுத்தும் ஈறுகளும்; எட்டில் பேச்சு–எழுத்துப் பாலமும் சொற்குடும்பங்களும்; அதன் பிறகு ஒற்று; நாளுக்குக் கால்மணி நேரம். இந்த வரிசை போதும். பெற்றோரிடம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான்: குழந்தை எழுதிய தாளைக் கையில் வாங்கியதும் சிவப்புப் பேனாவைத் தேடாதீர்கள்; எந்தப் பிழை எந்த வகை என்று முதலில் பிரித்தெழுதுங்கள், அடுத்த வாரம் கற்பிக்க வேண்டிய பாடம் அந்தப் பட்டியலிலேயே இருக்கும்.